எங்க காண்டோ புல்வெளிய காப்பாத்த வழி சொல்லுங்க

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. நாங்க கோலாலம்பூர் செந்தூல்ல ஒரு காண்டோல (அடுக்குமாடிக் குடியிருப்பு) இருக்கோம், கார் பார்க்குக்கு மேல ஏழாவது மாடியில ஒரு சின்ன புல்வெளி, நாலு மரம், ஒரு ஊஞ்சல், நூத்துக்கணக்கான வீட்டுக்கு இருக்கிற பச்சையே அவ்ளோதான். சாயங்காலம் ஆனா பாட்டிங்க செருப்ப கழட்டி வெச்சிட்டு புல்லுல நடப்பாங்க, பிள்ளைங்க இருட்டுற வரைக்கும் பந்து வெளாடும். இப்ப கீழ கார் பார்க்குல தண்ணி கசியுதுன்னு நிர்வாகத்துல சொல்லி மொத்தத்தையும் சிமெண்ட் போட்டு விசிட்டர் பார்க்கிங் ஆக்கப் போறாங்களாம், அடுத்த மாசம் ஏஜிஎம் (வருடாந்திரப் பொதுக்கூட்டம்).

கசிவு நெஜந்தான், என் காரு பானெட்லயே சுண்ணாம்புக் கறை சொட்டு சொட்டா விழுந்து காஞ்சிருக்கு. ஆனா வாட்டர்ப்ரூஃபிங் புதுசா போட்டுட்டு மண்ண திரும்ப கொட்டலாமே? நடக்கணும்னா தித்திவங்சா ஏரிப் பூங்காவுக்குப் போங்கன்னு சொல்றாங்க, கால் வலிக்கிற பாட்டி தெனம் எப்படிங்க போவாங்க.

2013 ஸ்ட்ராட்டா மேனேஜ்மெண்ட் சட்டப்படி (மலேசியாவுல அடுக்குமாடி நிர்வாகத்துக்கான சட்டம்) கூட்டத்துக்கு 7 நாளைக்கு முன்னாடியே எழுதிக் கொடுத்தா நம்ம தீர்மானத்தையும் அஜெண்டாவுல சேக்கச் சொல்லலாம், மெயிண்டனன்ஸ் பாக்கி வெச்சவங்க ஓட்டு போட முடியாது, அதனால வீடு வீடா போய் பாக்கிய கட்டிடுங்கன்னு கெஞ்சிட்டு வரேன்.

தீர்மானத்த சேக்கச் சொல்ற அந்தக் கடிதம் மலாய்ல எழுதின மாதிரி யாருகிட்டயாவது இருக்கா? டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகராட்சி) அப்ரூவ் பண்ண லேண்ட்ஸ்கேப் பிளான் காப்பி எப்படி வாங்குறது? மாடிப் புல்வெளிக்கு வாட்டர்ப்ரூஃபிங் செஞ்சு, வேர் எறங்காம தடுப்பும் போட்டு, மறுபடி புல்லு வெச்ச காண்டோ எதாச்சும் கேஎல்ல இருந்தா சொல்லுங்க, இந்த சனிக்கிழமையே நேர்ல வந்து பாக்குறேன்.