பழைய மாருதி ஆம்னி வேனை வெட்டி லோடு வண்டி ஆக்கலாமா?

தோப்புக்காரன்_ஆனைமலை
நாலு ஏக்கர் தென்னை. காயை இனி பொள்ளாச்சி மண்டிக்கு நானே கொண்டுபோகலாம் என்று இருக்கிறேன், வண்டி வாடகை கட்டுபடியாகவில்லை. வீட்டில் ஆம்னி சும்மா நிற்கிறது. பின்கூரையை வெட்டித் தொட்டி கட்டித் தருவதாக ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா, இல்லை பழைய குட்டியானை (டாடா ஏஸ்) பார்க்கலாமா? தோப்பிலிருந்து தார் ரோடு வரை இட்டேரி மண்பாதைதான், மழை பெய்தால் சேறு.

பாடிபில்டர்
வெட்டாதீங்க தம்பி. பாடி கட்டுவதுதான் என் பிழைப்பு, இருந்தும் சொல்கிறேன். பிக்கப்புக்கு அடியில் தனிச் சேஸ், அதாவது எடை தாங்கும் இரும்புச் சட்டம், உண்டு. ஆம்னிக்குக் கூரையும் பக்கத் தகடும் சேர்ந்துதான் பலம். கூரை போனால் லோடு ஏற்றியதும் நடுவில் தொய்யும், கதவு பூட்டாது. ஆர்சியில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவிலும் மாட்டும். விபத்து என்றால் இன்சூரன்ஸில் முதலில் அதைத்தான் பிடிப்பார்கள்.

காய்க் கணக்குக்கு வாங்க. உரித்த காய் ஆயிரம் என்றால் 550, 600 கிலோ. டாடா ஏஸ் தாங்குவது 750 கிலோ, அதாவது 1200 காய் பக்கம். மட்டையோடு என்றால் அதில் பாதிதான். நாலு ஏக்கரில் ஒரு வெட்டுக்கு நாலாயிரம் காய் விழுந்தால் ஏஸில் நாலு நடை. 1.3 டன் பொலிரோ பிக்கப்பில் இரண்டே நடை.

பின் ஸ்பிரிங்கில் பட்டை சேர்த்தால் இரண்டு டன் அடிக்கலாம் என்று யாராவது வருவார்கள், நம்பாதீங்க. பட்டை சேர்த்தால் பின்பக்கம் இறங்காது, அவ்வளவுதான். பிரேக்கும் ஆக்ஸிலும் பழையவைதானே? ஓவர்லோடு பிடித்தால் 20,000 ரூபாய், கூடுதல் டன்னுக்கு 2,000 வேறு. தொட்டித் தரைக்குச் செக்கர் பிளேட் (புடைப்பு வரி போட்ட தகடு) போடுங்க, போதும். அந்தத் தகட்டு எடையும் லோடில்தான் கழியும்.

மண்டி_டிரைவர்
அண்ணன் சொன்னது சரி. ஏஸுக்கு 12 அங்குலச் சக்கரம், இட்டேரிச் சேற்றில் உட்கார்ந்துவிடும். பிக்கப்புக்கு 15. மொத்த எடை 3000 கிலோவுக்குள் இருந்தால் பெர்மிட் வேண்டாம், ஆனால் எஃப்சி (தகுதிச் சான்று) கட்டாயம். கார் லைசென்ஸே போதும். 7500 கிலோ வரை ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டே உறுதி செய்துவிட்டது.

கடலைக்காட்டான்
டிராக்டர் இருந்தால் ட்ரெய்லர் மாட்டிக் காயை ரோட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிடுங்க. அங்கிருந்து வாடகை வண்டி. முதலே போட வேண்டாம்.

தோப்புக்காரன்_ஆனைமலை
டிராக்டர் இல்லைங்க. பிக்கப்பே பார்க்கிறேன். பழைய வண்டியில் எதைப் பார்த்து வாங்குவது அண்ணா?

பாடிபில்டர்
பெயின்ட்டைப் பார்க்காதீங்க, அடியில் படுத்துப் பாருங்க. பின் ஸ்பிரிங் பட்டை சேஸில் சேருகிற இடத்தில் வெல்டிங் ஒட்டு இருந்தால் ஓவர்லோடு அடித்த வண்டி. விலையே பேசாமல் வந்துடுங்க.