கசகஸ்தான் துறந்த 1,410 அணு ஆயுதங்கள் யாருடையவை?

கரிசல்காட்டான்:
அணு ஆயுத ஒழிப்பில் கசகஸ்தானைப் போலத் தியாகம் செய்த நாடு உலகிலேயே இல்லை என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. சோவியத் ஒன்றியம் உடைந்தபோது அந்த மண்ணில் மிஞ்சிக் கிடந்து, பிறகு அந்நாடு துறந்த 1,410 அணு ஆயுதங்களை ஏவும் சாவி மாஸ்கோவில் இருந்தது. சாவி இல்லாத வீட்டைத் தானம் செய்த வள்ளலா?

வைகைக்கரை:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லக் கூசுகிறதா? சோவியத் அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்த, கசகஸ்தானின் செமிபலாத்தின்ஸ்க் சோதனைத் திடலை 1991 ஆகஸ்ட் 29 அன்று மூட ஆணையிட்டது மாஸ்கோ அல்ல, கசகஸ்தான் அதிபர் நசர்பாயேவ். சோவியத் ஒன்றியம் அன்றைக்கு இன்னும் உயிரோடுதான் இருந்தது. 456 சோதனைகளைத் தாங்கிய மண் அது. 1989இலேயே கவிஞர் ஒல்ஜாஸ் சுலைமேனோவ் பின்னால் சோதனைகளை எதிர்த்து மக்கள் திரண்டதும் மாஸ்கோ சொல்லியா?

கரிசல்காட்டான்:
திடல் வேறு, ஆயுதம் வேறு. சாவி யாரிடம் இருந்தது?

தேரிமணல்:
கசகஸ்தானின் உல்பா உலோக ஆலையில் கிடந்த, அணுகுண்டு செய்யத்தக்க சுமார் 600 கிலோ செறிவூட்டிய யுரேனியத்துக்கும் சாவி மாஸ்கோவிலா ஐயா? 1994இல் அதை அமெரிக்காவிடம் ஒப்படைத்தது கசக் அரசு.

கரிசல்காட்டான்:
இழப்பீடு வாங்கிக்கொண்டுதானே ஒப்படைத்தது? விற்றதைத் தியாகக் கணக்கில் எழுதாதீர்கள். சாவி?

பொதிகை:
தானே ஆறு அணுகுண்டு செய்து தானே பிரித்துப்போட்டது தென்னாப்பிரிக்கா. போன மாதம் அதை எழுதினேன், இங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வைகைக்கரை:
கறுப்பினத்தவர் கைக்குப் போய்விடக் கூடாதென்று பிரித்த குண்டு அது. அதற்கு மாலை வேறு போட வேண்டுமா?

பொதிகை:
நசர்பாயேவ் மட்டும் மகாத்மாவா? சுமார் முப்பது ஆண்டு நாற்காலியை விடாதவர்.

தேரிமணல்:
ஆளை விடுங்கள், நாட்டைப் பாருங்கள். 2013இல் ஈரானின் அணுத்திட்டம் பற்றி ஈரானும் வல்லரசுகளும் பேச கசகஸ்தானின் அல்மாத்தி நகருக்குத்தான் வந்தன. அணு உலைக்கு எரிபொருள் கிடைக்காத நாடுகளுக்குக் கொடுக்கப் பன்னாட்டு அணுசக்தி முகமை வைத்திருக்கும் எரிபொருள் வங்கி 2017இல் திறக்கப்பட்டதும் கசகஸ்தானில்தான்.

கரிசல்காட்டான்:
அல்மாத்தியில் இரண்டு சுற்றுப் பேசி வெறுங்கையோடு கலைந்தார்கள். மண்டபம் கொடுத்தவர் எல்லாம் சமாதானத் தூதரா? அது கிடக்கட்டும். ஏவுகணைக்குக் காவல் நின்றவனும் ரஷ்யப் படைவீரன், சாவியும் ரஷ்யாவில். இதற்கு மட்டும் பதில் வராது.

வைகைக்கரை:
தன் மண்ணில் கிடந்த சோவியத் ஆயுதங்களுக்குச் சாவி இல்லாத உக்ரைனிடம், அவற்றைத் துறந்தால் உன் எல்லையை மதிப்போம் என்று 1994இல் புடாபெஸ்டில் எதற்காக ரஷ்யா கையெழுத்துப் போட்டுக் கெஞ்சியது?

கரிசல்காட்டான்:
கெஞ்சியதா! வரலாறு படித்த லட்சணம் தெரிகிறது.

வைகைக்கரை:
உங்கள் லட்சணம் ஈராக் பற்றி இங்கே நடந்த விவாதத்திலேயே தெரிந்துவிட்டது.

பொதிகை:
என் ஆறு குண்டுக்கு இன்னும் பதில் வரவில்லை.