‘ஸ்டார்ம் சர்ஜ்’: அலை என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் குழு தமிழாக்கிக்கொண்டிருக்கிற புயல் தொடர்பான சொற்பட்டியலில் ‘ஸ்டார்ம் சர்ஜ்’ (storm surge, புயலின்போது கடலின் மட்டமே உயர்வது) வந்தபோது, ‘புயல் அலை என்று போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்’ என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். நானும் சரி என்றுதான் எழுதினேன். அப்புறம் மனசுக்கு ஒப்பவில்லை. காரணம், பிலிப்பைன்ஸில் இருக்கிற டாக்லோபன் நகரம்.

2013 நவம்பர் தொடக்கத்தில் மைக்ரோனேசியத் தீவுகள் பக்கம் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானது. கீழே நல்ல சூடான கடல். மேலே அதைக் கலைக்கிற குறுக்குக் காற்றும் இல்லை. சில நாளிலேயே ஹையான் என்ற அசுரப் புயலாக வளர்ந்துவிட்டது. பிலிப்பைன்ஸில் அதை யோலாண்டா என்பார்கள். மையத்தில் அழுத்தம் 895 ஹெக்டோபாஸ்கல். 8-ம் தேதி விடிவதற்கு முன் சமார் தீவின் குய்வானில் கரையைத் தொட்டு, லெய்தே தீவில் டாக்லோபனுக்குக் கொஞ்சம் தெற்கே கடந்து போனது. அந்த நகரம் இருக்கிற இடம் அப்படி: இரண்டு தீவுகளுக்கு நடுவே புனல் மாதிரிக் குறுகுகிற, ஆழமில்லாத சான் பெட்ரோ விரிகுடாவின் உச்சி. முதலில் வடக்கிலிருந்து வீசிய காற்று விரிகுடாத் தண்ணீரை வெளியே தள்ளியது. கரை வற்றியது. புயலின் கண் நகர்ந்து, காற்று கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் திரும்பியதும், போன தண்ணீர் ஐந்தாறு மீட்டர் உயரத்துக்கு ஊருக்குள் வந்தது.

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. 7 மீட்டர் வரை ஸ்டார்ம் சர்ஜ் வரலாம் என்று அந்நாட்டு வானிலை நிறுவனம் சொல்லியிருந்தது, அந்த ஆங்கிலச் சொல்லாலேயே. கேட்டவர்கள் பலருக்கு அதில் ‘ஸ்டார்ம்’ மட்டும்தான் புரிந்தது. புயல் பழகிய ஊர். காற்றுக்குப் பயந்து உறுதியான கட்டடங்களில் ஒதுங்கினார்கள். புகலிடமாக இருந்த பெரிய உள்ளரங்கமே கடலோரத்தில்தான் இருந்தது, அதன் தரைத்தளத்திலும் தண்ணீர் புகுந்தது. பிழைத்தவர்கள் பிறகு செய்தியாளர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம். நாடு முழுக்க அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 6,300 பேர்.

இத்தனைக்கும் இதே சமார், லெய்தே கரைகளை 1897-லேயே ஒரு புயல் இதே போல மூழ்கடித்திருக்கிறது. அந்த நினைவு தலைமுறை தாண்டவில்லை. ஒட்டிக்கொண்டிருக்க ஒரு சொல் இல்லையோ என்னவோ.

இப்போது நம் ‘அலை’க்கு வருகிறேன். அலை வரும், சில நொடியில் திரும்பும். நாம் பேசுவது அதுவல்ல. கடலின் மட்டமே சில மணி நேரம் உயர்ந்து நிற்பது. அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும். ஹையான் அளவுக்கு அழுத்தம் விழுந்தாலும் அந்த வகையில் கிடைப்பது ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். மீதி முழுக்கக் காற்றின் வேலை. தண்ணீரைக் கரைநோக்கி நெட்டித் தள்ளிக் குவிக்கிறது. கரையோரக் கடல் ஆழமாக இருந்தால் தண்ணீர் அடிவழியாகத் திரும்பிவிடும்; ஆழம் குறைவாக இருந்தால் ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. வங்கக்கடலின் வடமுனை அப்படிப்பட்ட இடம். 1970 நவம்பரில் போலா புயல் அங்கே லட்சக்கணக்கில் ஆட்களைக் கொண்டுபோனது இதனால்தான். அலைகள், இப்படி உயர்ந்து நிற்கிற கடலின் முதுகில் ஏறி வருபவை.

‘3 மீட்டர் புயல் அலை’ என்றால் நம் மீனவர் என்ன நினைப்பார்? மூன்று மீட்டர் அலையை அவர் வருடந்தோறும் பார்க்கிறவர். ‘கட்டுமரத்தை மேலே இழுத்துப் போடு’ என்பதோடு முடித்துக்கொள்வார்.

வந்த மற்ற பரிந்துரைகள்: ‘ஆழிப்பேரலை’ 2004-க்குப் பிறகு சுனாமிக்கு நிலைத்துவிட்டது. ‘கடல்கோள்’ என்றதும் குமரிக்கண்டம் வந்து நிற்கும். ‘புயலெழுச்சி’ நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கட்சி மாநாட்டுச் சுவரொட்டி வாடை. ‘கரையேற்றம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நாலு பெண்களைக் கரையேற்றிய அப்பாக்கள் பாவம், விட்டுவிடுவோம். எனக்கு இப்போதைக்குப் பிடித்தது ‘புயலோதம்’. ஓதம் என்பது கடல் அன்றாடம் ஏறி இறங்குவதற்கான (ஆங்கிலத்தில் டைட்) பழைய சொல், பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. என்ன சொல்கிறீர்கள்?

― சென்னையிலிருந்து

* * *

வணக்கம் ஐயா.

ஓதம் உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கலாம். இலங்கையில் நாங்கள் படித்தது வற்றுப்பெருக்கு. கடல் வற்றும், பெருகும். சொல்லைக் கேட்டாலே விளங்கும். அதே வழியில் ‘பெருக்கு’ என்பதை வைத்துச் சொல் ஆக்கினால் என்ன?

இன்னொன்று. ‘புயல்’ என்று தொடங்குகிற எந்தச் சொல்லும் எங்களுக்குக் கொஞ்சம் வெளியூர்ச் சொல்தான். 1978 நவம்பரில் மட்டக்களப்பை அழித்ததை இன்றைக்கும் சூறாவளி என்றுதான் சொல்கிறோம். நீங்கள் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று மூச்சு வாங்கச் சொல்வதை நாங்கள் தாழமுக்கம் என்று முடித்துவிடுவோம். இரண்டு கரைக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டுமென்றால் புயலையும் சூறாவளியையும் வெளியே நிறுத்திவிட்டு, கடலை மட்டும் வைத்துச் சொல் தேடுங்கள். கடல் இரண்டு பேருக்கும் கடல்தான்.

― மட்டக்களப்பிலிருந்து

* * *

ஐயா, நான் நாகப்பட்டினம் பக்கம் ஒரு மீனவ ஊரில் ஆசிரியராக இருக்கிறேன். இந்தக் குழுவில் எழுதுவது இதுதான் முதல் தடவை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓதம் என்றால் எங்கள் பிள்ளைகளுக்குச் சுவரில் ஈரம் பூத்துச் சுண்ணாம்பு உதிர்வது. பெரியவர்களிடம் சொன்னால் வேறொரு வியாதியை நினைத்துக்கொண்டு சிரிப்பார்கள். ‘பெருக்கு’ என்றால் ஒன்று ஆடிப்பெருக்கு, இல்லை துடைப்பம்.

எங்கள் ஊரில் கேட்டுப் பார்த்தேன். ‘கடல் ஏறிடுச்சு’ என்கிறார்கள். புயல் சமயத்தில் ‘கடல் ஏறுமா?’ என்றுதான் ஒருவரை ஒருவர் கேட்பார்கள், ‘அலை வருமா?’ என்று யாரும் கேட்பதில்லை. இதற்குப் பெயர்ச்சொல் என்னவென்று கேட்டால் முழிக்கிறார்கள். வினையாகத்தான் இருக்கிறது.

காற்றைப் பற்றியும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். வாடை (வடக்கிலிருந்து வரும் காற்று) திரும்பிக் கொண்டலாக (கிழக்கிலிருந்து வரும் காற்றாக) அடித்தால் கடல் ஏறும். கச்சான் (மேற்கிலிருந்து வரும் காற்று) பக்கம் திரும்பினால் கடல் இறங்கும். அதாவது புயல் நமக்குத் தெற்கே கரை கடந்தால் ஏற்றம், வடக்கே கடந்தால் இறக்கம். கோடியக்கரையைச் சுற்றி மேற்கே போய்விட்டால் கரை தெற்குப் பார்த்து நிற்பதால் இந்தக் கணக்கு அங்கே செல்லாது.

― நாகை மாவட்டத்திலிருந்து

* * *

டீச்சரா சாரா என்று தெரியவில்லை, யாராக இருந்தாலும் முதல் மடலிலேயே எங்கள் ஒரு வார வாதத்தை முடித்துவைத்துவிட்டீர்கள். புயலோதத்தை நான் திரும்பப் பெறுகிறேன்.

‘கடல் ஏறும்’ என்ற வினையிலிருந்து ‘கடலேற்றம்’. வைத்துப் பார்ப்போம்.

முதல் சோதனை, ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு போகிறவர் வாயில் நிற்குமா என்பது. ‘இன்று இரவு இந்தக் கரையில் இரண்டு மீட்டர் கடலேற்றம் இருக்கும்.’ புரிகிறது. புரியாதவருக்கு அதையே உடைத்து, ‘கடல் இரண்டு மீட்டர் ஏறும், மேட்டுக்குப் போய்விடுங்கள்’ என்று சொல்லிவிடலாம். கலைச்சொல்லும் பேச்சும் ஒரே வேரிலிருந்து வருவது பெரிய வசதி.

இரண்டாவது, இலக்கணம். ‘ஏற்றம்’ என்றால் ஏற்றுவது, கடலை யார் ஏற்றுகிறார்கள் என்று யாராவது கேட்பீர்கள். கொடியேற்றம் மாதிரிதான் இதுவும். காற்று கடலை ஏற்றுகிறது, இயற்பியலும் அதையே சொல்கிறது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவதும் கடல் ஏறுவதும் ஒரே சொல்லில் வருவதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

மூன்றாவதுதான் என்னை அடித்து வீழ்த்தியது. இந்தச் சொல்லுக்கு எதிர்ச்சொல் தானாகக் கிடைக்கிறது: கடலிறக்கம். அலைக்கு எதிர்ச்சொல் கிடையாது. பெருக்குக்கு வற்று உண்டு, ஆனால் அது அன்றாடம் நடப்பது. டாக்லோபனில் முதலில் நடந்தது கடலிறக்கம், பின்னால் வந்தது கடலேற்றம். 2017-ல் இர்மா புயலின்போது அமெரிக்காவின் டாம்பா விரிகுடா வற்றி, ஆட்கள் கடற்படுகையில் இறங்கி நடந்தார்கள். அங்கே தண்ணீர் மெதுவாகத் திரும்பியது. எல்லா இடத்திலும் அப்படி இருக்காது. ‘கடல் உள்வாங்கியது’ என்று நம் செய்தித்தாள்கள் எழுதுவதை எதற்கெடுத்தாலும் சுனாமியோடு முடிச்சுப் போடுகிறோம். புயலால் இறங்கியதற்கு ஒரு தனிப் பெயர் இருக்கட்டும்.

பருவநிலை மாற்றத்தால் கடல் உயர்வதோடு குழம்புமே என்றால், அதற்குக் ‘கடல்மட்ட உயர்வு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. புயலே இல்லாமல், எங்கோ தென்கடலில் கிளம்பிய அலைகளால் திடீரென்று கடல் ஊருக்குள் வருவதற்குக் கேரள மீனவர்களின் ‘கள்ளக்கடல்’ இருக்கிறது. திருடன் மாதிரி வருகிற கடல். 2012-ல் யுனெஸ்கோவே அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டது. நாம் மட்டும் என்ன, நாகைக்காரர்கள் பேச்சை எடுத்துக்கொள்வதற்குக் கூச்சப்பட வேண்டுமா?

மட்டக்களப்பு நண்பர் கேட்டபடி புயலும் இல்லை, சூறாவளியும் இல்லை. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுக்குச் சற்று முன் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன ரயில் நூறுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலில் போனது. அந்தப் புயல் வட இலங்கையைக் கடந்துதான் இங்கே வந்தது. அதை இன்னும் ‘ராட்சத அலை அடித்துச் சென்றது’ என்றே எழுதுகிறோம். தனுஷ்கோடி ஊர் அலை அடித்து அழியவில்லை. கடலே மேலே ஏறி நின்றது.

ஒன்று மட்டும் பாக்கி. இரண்டு மீட்டர் என்றால் எங்கிருந்து இரண்டு மீட்டர்? கடலேற்றம் என்பது அந்த நேரத்து வழக்கமான ஓத மட்டத்துக்கு மேல் ஏறுகிற அளவு. இரண்டையும் கூட்டி மொத்தமாகத் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்டார்ம் டைட்’ என்று வேறு சொல். வேலையிழந்த என் புயலோதத்துக்கு அங்கே ஓர் இடம் கொடுக்க முடியுமா?

― சென்னையிலிருந்து

* * *

கடலேற்றம், கடலிறக்கம் இரண்டுக்கும் என் சம்மதம் ஐயா. இங்கே ஊரில் சொல்லிப் பார்த்தேன், யாரும் அர்த்தம் கேட்கவில்லை.

புயலோதம் சொன்னேன். சுவருக்கு எந்தப் பெயின்ட் அடிக்கலாம் என்று கேட்கிறார்கள்.

― மட்டக்களப்பிலிருந்து