பி பிளாக் குழு: கெட்டில்ல வெள்ளைப் படிவு

சுதா 102 | காலை 7:12
எலக்ட்ரிக் கெட்டில் அடியில வெள்ளையா படிஞ்சு, தட்டினா செதில் செதிலா பேந்து வருது. பேக்கிங் சோடாவையும் வினிகரையும் ஒண்ணா ஊத்தச் சொல்ற வீடியோ சுத்துதே, அது வேலைக்கு ஆகுமா?

கமலா டீச்சர் 304 | 7:20
வேண்டாம் சுதா. வினிகர் அமிலம், ஆப்ப சோடா காரம். ரெண்டும் சேர்ந்தா ஒண்ணை ஒண்ணு நடுநிலையாக்கிடும், மிஞ்சறது சோடியம் அசிடேட்ங்கற உப்பும் தண்ணியும்தான். நுரை நிறைய வரும், அது வெறும் கார்பன் டை ஆக்சைடு. படிவைக் கரைக்க வேண்டிய அமிலம் சோடாகிட்டயே செலவாயிடும்.

கமலா டீச்சர் 304 | 7:23
போர் தண்ணியில கரைஞ்சிருக்கற கால்சியம் பைகார்பனேட் கொதிக்கறப்ப சிதைஞ்சு கால்சியம் கார்பனேட்டா அடியில உட்காருது. சுண்ணாம்புக்கல்லும் அதே பொருள்தான். அதுக்கு அமிலம் மட்டும் போதும்.

பாஸ்கர் 201 | 7:31
மளிகைக் கடையில லெமன் சால்ட்னு கேளுங்கம்மா, சிட்ரிக் ஆசிட் தருவாங்க. 1 லிட்டர் தண்ணியைக் கெட்டில்ல கொதிக்க வச்சு, பிளக்கைப் பிடுங்கி 10 நிமிஷம் ஆற விடுங்க. அப்புறம் 20 கிராம் போடுங்க, சுமார் ஒண்ணரை டேபிள்ஸ்பூன் வரும். கொஞ்சம் கொஞ்சமா போடணும், இல்லன்னா பொங்கி வழியும். அரை மணி நேரம் விட்டுக் கொட்டிட்டு ரெண்டு தடவை அலசுங்க. கடைசியா வெறும் தண்ணி ஒரு தடவை கொதிக்க வச்சுக் கொட்டிடுங்க.

சுதா 102 | 7:34
லெமன் சால்ட் போட்டு அப்படியே கொதிக்க விட்டா சீக்கிரம் போகாதா சார்?

பாஸ்கர் 201 | 7:38
போகாது. லெமன் சால்ட்டும் படிவும் சேர்ந்து கால்சியம் சிட்ரேட்ங்கற உப்பு உண்டாகும், அது சூட்டுல கரையறது குறைவு. கொதிக்கக் கொதிக்க அதுவே வெள்ளை மாவா அடியில தங்கும்.
படிவு மேல பொடிப் பொடியா குமிழி ஏறுதான்னு பாருங்க. குமிழி நின்னும் படிவு மிச்சமிருந்தா அமிலம் தீர்ந்துடுச்சு, கொட்டிட்டுப் புதுசா கலக்கணும். 10 கிராம் படிவுக்குச் சுமார் 13 கிராம் சிட்ரிக் ஆசிட் வேணும். 4 சதவீத வினிகர்னா அதே வேலைக்கு 300 மில்லி. அரை டம்ளர் ஊத்திட்டுப் போகலைன்னு சொல்றது அதனாலதான்.
ஆரம்பத்துலேயே குமிழி வரலைன்னா அது கால்சியம் சல்பேட்டாவோ சிலிக்காவோ இருக்கலாம். அதுக்கு லெமன் சால்ட் பெரிசா உதவாது.

முருகேசன் ஜி2 | 8:02
பாத்ரூம் குழாய், டைல்ஸ் கறைக்கு பாட்டில் ஆசிட் வாங்கி ஊத்தலாமா டீச்சர்?

கமலா டீச்சர் 304 | 8:09
தயவு செஞ்சு வேண்டாம் அண்ணா. அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். டைல்ஸ் இடுக்குல இருக்கற சிமெண்டைத் தின்னுடும், குழாயோட குரோம் பூச்சைக் கெடுக்கும். மார்பிளும் கால்சியம் கார்பனேட்தான், பட்ட இடம் பளபளப்பு போயிடும். மார்பிள்ல லெமன் சால்ட்டும் கூடாது. குழாய்க்கு லெமன் சால்ட் கரைசல்ல நனைச்ச துணியை 15 நிமிஷம் சுத்தி வச்சு அலசினா போதும்.

கமலா டீச்சர் 304 | 8:14
இதை எல்லாரும் கண்டிப்பா படிக்கணும். டாய்லெட் கிளீனர் பலதுலயும் இதே அமிலம்தான் இருக்கு. அது மேல பிளீச்சிங் பவுடரோ, துணிக்குப் போடற பிளீச்சோ விழுந்தா குளோரின் வாயு வரும். கதவு சாத்தின சின்ன பாத்ரூம்ல உயிருக்கே ஆபத்து. ஒண்ணைப் போட்டா நல்லா தண்ணி விட்டுக் கழுவிட்டு, இன்னொண்ணை வேற நாள்ல போடுங்க. நெடி மூக்கைக் குத்தினா உடனே வெளியே வந்துடணும். அதைச் சரி பண்றேன்னு வேற எதையும் உள்ளே ஊத்தக் கூடாது.
வீட்டு வேலைக்கு வர்ற அக்காக்களுக்கும் வாயால சொல்லுங்க. ஆசிடைத் தண்ணி பாட்டில்ல மாத்தி வைக்கவே கூடாது.

பாஸ்கர் 201 | 8:19
கையில பட்டா குறைஞ்சது 20 நிமிஷம் ஓடற தண்ணியில காட்டணும். சோடா போட்டுத் தேய்க்காதீங்க, நடுநிலையாகறப்ப வர்ற சூடு தோலை இன்னும் பொசுக்கும்.

முருகேசன் ஜி2 | 8:25
சரி டீச்சர். அடுப்பு மேடை எண்ணெய்ப் பிசுக்குக்கும் லெமன் சால்ட்தானா?

கமலா டீச்சர் 304 | 8:30
அதுக்குக் காரம்தான் சரி. 1 லிட்டர் வெந்நீர்ல 2 டேபிள்ஸ்பூன் சலவை சோடா. எண்ணெயில ஒரு பங்கு சோப்பா மாறி மிச்சத்தையும் இழுத்துட்டு வரும். கையுறை போட்டுக்கங்க. கிரானைட், ஸ்டீலுக்குச் சரி. அலுமினியப் பாத்திரத்துல மட்டும் வேண்டாம், காரம் அதை அரிச்சுக் கறுக்க வச்சுடும்.