என் எச்சிலைக் கேட்ட பாட்டி: பிலிப்பைன்ஸ் கிராமத்து வைத்திய அனுபவங்கள்

மணிலாவில் மருத்துவம் படித்தபோது வகுப்புத் தோழி ஒருத்தியின் ஊருக்குப் போனேன். கேசோன் மாகாணம், எங்கு பார்த்தாலும் தென்னந்தோப்பு. பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் வெகுதூரம் நடந்து, பசியோடு வீட்டுக்குள் நுழைந்ததும் அவளுடைய அக்காவின் ஏழு மாதக் குழந்தை கண்ணில் பட்டது. கன்னத்தைத் தொட்டுக் கொஞ்சினேன். சாயங்காலம் குழந்தைக்கு வயிறு உப்பி, ஒரே அழுகை.

அந்த வீட்டுப் பாட்டி, அங்கே லோலா என்பார்கள், நேராக என்னிடம் வந்தார். "வந்ததும் குழந்தையைத் தொட்டது நீதானே?"

வெயிலில் களைத்து வந்த புது ஆள் குழந்தையைக் கொஞ்சினால் அவருடைய சூடு குழந்தைக்கு ஏறிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்குப் பெயர் உசோக். நம் கண்ணேறு மாதிரிதான். ஆனால் நான் பொறாமைப்பட்டேன் என்றோ கெட்டவன் என்றோ அங்கே யாரும் நினைக்கவில்லை. கொடுத்தவனே எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். கட்டைவிரலில் எச்சில் தொட்டுக் குழந்தையின் வயிற்றில் தடவச் சொன்னார்.

எனக்குக் கை வரவில்லை. கிருமிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டிருந்த நேரம். லோலா என் மணிக்கட்டைப் பிடித்துக் கொண்டுபோய் வைத்தார். வயிறு மத்தளம் போல இறுகியிருந்தது. தொப்புளைச் சுற்றி ஒரு வட்டம் தடவினேன். பிறகு அவரே தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, மெதுவாக அமுக்கிவிட்டார். காற்று பிரிந்தது, குழந்தை தூங்கிவிட்டது.

அமுக்கிவிட்டதில்தான் குணமாயிற்று என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் என்னால் வந்தது என்று சொன்ன அதே வீடு, என்னைத் தள்ளி நிறுத்தாமல் குழந்தையின் பக்கத்தில் உட்கார வைத்ததே, அதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

இரண்டு வருடம் கழித்து, ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில் சிகிஹோர் தீவுக்குக் கிளம்பினேன். டுமகெட்டே நகரத்திலிருந்து படகு. "அங்கே யார் எது கொடுத்தாலும் சாப்பிடாதே" என்று வீட்டுக்கார அம்மா கையைப் பிடித்துச் சொல்லியனுப்பினார். பூச்சிகளை ஏவி ஆளை முடக்கும் 'பராங்' என்ற சூனியத்துக்குப் பேர்போன தீவு அது. மரங்களில் மொய்த்த மின்மினிகளைப் பார்த்து ஸ்பானியர்கள் 'நெருப்புத் தீவு' என்று பெயர் வைத்தார்களாம்.

சான் அந்தோனியோ மலைக்கிராமத்தில் நான் பார்த்ததெல்லாம் வைத்தியர்களைத்தான். மனனம்பல் என்பார்கள். தவக்காலத்து ஏழு வெள்ளிக்கிழமைகளிலும் வேரும் பட்டையும் சேர்த்து வைத்து, புனித சனியன்று பெரிய கொப்பரையில் காய்ச்சுகிறார்கள். ஒரு மூதாட்டி எனக்கு 'போலோ-போலோ' செய்தார். கண்ணாடி டம்ளரில் தண்ணீர், அடியில் ஒரு கறுப்புக் கல். குழலால் குமிழி விட ஊதிக்கொண்டே டம்ளரை என் முதுகு, தோள், கழுத்து என்று நகர்த்தினார். தண்ணீர் கலங்கித் துகள் மிதந்தது. கொட்டிவிட்டு மறுபடி ஊதினார். நான்காவது தடவை தெளிவாகவே நின்றது. அந்த அழுக்கு எங்கிருந்து வந்தது என்று உற்று உற்றுப் பார்த்தும் பிடிபடவில்லை. முதுகுவலி போகவில்லை. ஆனால் ஆரம்பிக்கும் முன் கால்மணி நேரம் என் தோளில் கைவைத்து, தூக்கம் வருகிறதா, யாரோடு மனத்தாங்கல் என்று கேட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு என்று காசு கேட்கவில்லை, கொடுத்ததை வாங்கிக்கொண்டார்.

உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

மறுமொழி:

நான் பிலிப்பைன்ஸின் பதங்காஸ் மாகாணத்தில் பெண் எடுத்தவன். எங்கள் வீட்டில் கதை இப்படி முடியவில்லை. மாமனாருக்குக் கால் வீங்கியது. புற்றில் குடியிருப்பதாக அவர்கள் நம்பும் கிழவன் ஆவியை, நூனோவை, மிதித்துவிட்டார் என்று பேச்சு. அல்புலாரியோ என்கிற நாட்டு வைத்தியர் வந்து படிகாரத்தைத் தணலில் சுட்டு, அது உருகி நின்ற உருவத்தைப் பார்த்தார். அதற்குத் தாவாஸ் என்று பெயர். உப்பில்லாத சோறு படைக்கச் சொன்னார். மூன்றாம் நாள் புண்ணைப் பார்த்து அவரே, "இது என் கைக்கு அடங்காது, டாக்டரிடம் போங்கள்" என்று சொல்லிவிட்டார். வீட்டில்தான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி தூரம், செலவு, பயம். பத்து நாள் இலையும் எண்ணெயுமாகக் கழிந்தது. கடைசியில் போனால், சர்க்கரை எகிறியிருந்தது. இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். அந்த வைத்தியர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பத்து நாளை நினைத்தால்தான் இன்னும் நெஞ்சு எரிகிறது.

முதலில் எழுதியவர்:

படித்ததும் மனம் கனத்துவிட்டது. ஆறாத புண்ணுக்கும் மூச்சுத்திணறலுக்கும் காத்திருக்கவே கூடாது. அதற்காக இலை வைத்தியம் எல்லாமே வீண் என்று நான் சொல்லமாட்டேன். லோலா இருமலுக்குக் காய்ச்சிக் கொடுத்த லகுண்டி வேறொன்றுமில்லை, நம்ம நொச்சிதான். அந்நாட்டு சுகாதாரத் துறையே பரிந்துரைக்கும் பத்து மூலிகைகளில் அதுவும் ஒன்று, மருந்துக்கடையில் சிரப்பாகவே கிடைக்கிறது. பாரம்பரிய மருத்துவத்துக்கு 1997-இல் தனிச் சட்டமும் போட்டிருக்கிறார்கள்.

லோலா இப்போது இல்லை. அந்தக் குழந்தை வளர்ந்து பள்ளிக்கூடம் போகிறான். போன தடவை என்னைத் தோப்புக்குள் கூட்டிப்போனான். ஒரு புற்றருகே வந்ததும் நின்று, "தபி-தபி போ" என்றான். கொஞ்சம் வழிவிடுங்கள் ஐயா என்று அர்த்தம். திரும்பி என்னைப் பார்த்தான். நானும் சொன்னேன்.