கண்மாயைச் சீரமைத்தும் நீர் சேரவில்லை: வரத்துவாரியை ஊரார் எப்படி மீட்பது?

செம்மண்_பூமி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ள எங்கள் ஊரில் இளைஞர்களும் மகளிர் குழுவினரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் உடலுழைப்புத் தந்து, வெளிநாட்டில் வேலை செய்யும் ஊர்க்காரர்கள் அனுப்பிய பணத்தில் பொக்லைன் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து, எங்கள் கண்மாயைச் சீரமைத்து வருகிறோம். உள்வாய் முழுவதும் மண்டியிருந்த சீமைக்கருவேல மரங்களை வேரோடு அகற்றிவிட்டோம். கரையைப் பலப்படுத்தி, அதன் வெளிச்சரிவில் பனை விதைகளை ஊன்றியிருக்கிறோம். பழுதடைந்து கசிந்துகொண்டிருந்த மடையையும் சரிசெய்துவிட்டோம்.

இவ்வளவு செய்தும், சென்ற வடகிழக்குப் பருவமழையில் சுற்றுவட்டாரத்தில் நல்ல மழை பெய்தபோதுகூட எங்கள் கண்மாய் கால் பங்கும் நிறையவில்லை. காரணம் அறிய, மழை கொட்டிக்கொண்டிருந்தபோதே, கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துவாரியின் வழியே மேல்நோக்கி நடந்து சென்றோம். தார்ச்சாலையைக் கடக்கும் இடத்தில் பதிக்கப்பட்டிருக்கும் குழாய்ப் பாலத்தின் அடிமட்டம், வாரியின் தரையைவிட ஒரு முழம் உயர்ந்திருக்கிறது. செந்நீர் மேற்கே குளம்போலத் தேங்கி, சருகும் நுரையும் மிதக்க நின்ற பிறகுதான், குழாயின் வழியே விரல் பருமனுக்கு ஒழுகத் தொடங்கியது. அதற்கும் மேலே உள்ள தைலமரத் தோட்டத்தில், பெய்யும் மழை வெளியேறாதபடி குறுக்கும் நெடுக்குமாக வரப்புகள் எடுத்திருக்கிறார்கள். அங்கே வாரி இருந்த தடமே தெரியவில்லை. எங்களுக்கு மேலே உள்ள ஊர்க் கண்மாயில், நிறைந்தபின் உபரி நீர் வழிந்தோடும் கலிங்கும் சிமெண்டு வைத்து உயர்த்தப்பட்டிருக்கிறது.

எஞ்சியிருக்கும் பணத்தில் கண்மாயை இன்னும் ஆழப்படுத்த வேண்டும் என்று எங்களில் பெரும்பாலோர் சொல்கிறார்கள். வரத்துவாரிக்குச் செலவிடுவதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. எதை முதலில் செய்வது, யாரிடம் அனுமதி பெறுவது, மேலூர்க்காரர்களிடம் எப்படிப் பேசுவது என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்லி உதவ வேண்டும்.

ஆயக்கட்டு எழுதியது:

நண்பரே, நீர்ப்பாசனப் பணியில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆழப்படுத்தும் எண்ணத்தை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தப் பள்ளத்தில் நிற்கும் நீர் வயலுக்குத் தானாகப் பாயாது. ஆடு மாடுகளுக்கும் கிணறுகளின் ஊற்றுக்கும் உதவும், அவ்வளவே. வண்டலுக்கு அடியில் காலங்காலமாகப் படிந்திருக்கும் களிமண் படுகைதான் உங்கள் செம்மண் நிலத்தில் நீரைத் தாங்கி நிறுத்துகிறது. அளவு தெரியாமல் இயந்திரம் அதைக் கிழித்துவிட்டால், வருகிற கொஞ்ச நீரும் நிற்காமல் இறங்கிவிடும். கரையின் அடியை ஒட்டி மண் எடுப்பது இதைவிட ஆபத்தானது, ஏனென்றால் கரை சரிந்து உடைவதற்கு அதுவே காரணமாகிவிடும்.

முதல் வேலை காகித வேலைதான். ஆயக்கட்டு, அதாவது கண்மாய் நீர் பாயும் வயல் பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் கண்மாய் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கும். அதற்குக் குறைவானால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருக்கும். யாரிடம் மனுக் கொடுப்பது என்பதும், எந்தச் சட்டம் பொருந்தும் என்பதும் இதைப் பொறுத்தே அமைகின்றன. பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டில் இருந்த, அதாவது இன்று நீர்வளத் துறை பார்க்கும் ஏரிகளுக்காகவே 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இயற்றப்பட்டது. ஒன்றியக் கண்மாய் என்றால் 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி வருவாய்த் துறைதான் நடவடிக்கை எடுக்க வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் எழுதப்படும் மனுக்கள் மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டே இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, கிராம வரைபடம், புல வரைபடம், நில விவரங்கள் அடங்கிய அ-பதிவேடு ஆகிய மூன்றையும் வாங்கி, வாரி எந்தெந்தப் புல எண்களின் வழியே வருகிறது, அதன் அகலம் எவ்வளவு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். துறைக் கண்மாயாக இருந்தால் அதற்கான நினைவேட்டில் நீர்ப்பிடிப்புப் பரப்பும், முழுக் கொள்ளளவும், கலிங்கின் மட்டமும் பதிவாகியிருக்கும். மேலூர்க் கலிங்கு உயர்த்தப்பட்டது உண்மையா, எவ்வளவு உயர்த்தப்பட்டது என்பதை அதை வைத்துத்தான் நிறுவ முடியும், வாய்ச்சொல் போதாது. பிறகு நில அளவரைக் கொண்டு அளந்து, இரு பக்கமும் கல் நட்டுவிடச் சொல்லுங்கள். கல் நடப்படாத வாரி அடுத்த உழவிலேயே சுருங்கத் தொடங்கும்.

குழாய்ப் பாலத்தைப் பற்றிச் சாலைத் துறைக்குத் தனி மனுக் கொடுங்கள். வாரியின் தரைமட்டத்தையும் குழாயின் அடிமட்டத்தையும் அளந்து, நீர் தேங்கி நிற்கும் படத்தை நாளுடன் இணைத்தால், மறுப்பதற்கு இடமிருக்காது. அந்த ஒரு குழாயைத் தாழ்த்திப் பதிப்பதால் கிடைக்கும் நீர், நீங்கள் கண்மாய்க்குள் தோண்ட நினைக்கும் குழியைவிடப் பல மடங்கு பயன் தரும் என்று உறுதியாக நம்புகிறேன்.

மேட்டுக்காடு எழுதியது:

ஆயக்கட்டு ஐயா சொன்ன அனைத்தும் சரியே. ஆனால் மேலூர்க் கலிங்கை மட்டும் மனுவில் தொடங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சங்கிலித் தொடராக அமைந்த கண்மாய்களில், மேலே இருப்பது நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் கீழே இருப்பதற்கு நீர் கிடைக்கும். மேலூர்க்காரர்கள் கலிங்கை உயர்த்தியது, பெரும்பாலும் அவர்களுடைய கண்மாய் மேடிட்டுப்போய்க் கொள்ளளவு குறைந்ததால்தான் இருக்கும். அங்கே தேங்கிய வண்டலை அள்ளுவதற்கு உங்கள் குழுவே போய் உழைத்தால், பழைய மட்டத்துக்குக் கலிங்கை இறக்க அவர்களே முன்வரக்கூடும். வண்டல் மண்ணை விவசாயிகள் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள வட்டாட்சியரே அனுமதி வழங்கலாம் என்று 2024இல் நடைமுறை எளிதாக்கப்பட்டுள்ளது. மண்ணை எடுப்பவர் தம் வயலுக்கே கொண்டுபோவதால் குழுவுக்கும் செலவு மிச்சம்.

ராஜஸ்தானின் அல்வார் மாவட்டத்தில் நடந்ததை நாம் அவசியம் அறிந்துகொள்ள வேண்டும். 1985இல் தருண் பாரத் சங்கம் என்ற தன்னார்வ அமைப்பைச் சேர்ந்த ராஜேந்திர சிங்கும் கோபால்புரா கிராம மக்களும் ஜோஹாட் எனப்படும் மண் தடுப்புக் குளம் ஒன்றை மீட்கத் தொடங்கினார்கள். பின்னர் ஊர் ஊராக, மலைச்சரிவின் மேலிருந்து கீழ்நோக்கி நூற்றுக்கணக்கான சிறு நீர்நிலைகள் உருவாகி, வறண்டு கிடந்த அர்வாரி ஆறு 1990களில் மீண்டும் ஆண்டு முழுதும் ஓடியது. எனக்கு இதில் பெரிதாகப் படுவது அதற்குப் பிறகு அவர்கள் செய்த காரியம்தான். ஆற்றங்கரையில் உள்ள சுமார் 70 ஊர்களின் பிரதிநிதிகள் கூடி, அர்வாரி நாடாளுமன்றம் என்ற பெயரில் ஓர் அவையை அமைத்து, கரும்பு போன்ற அதிக நீர் கேட்கும் பயிர்களைத் தவிர்ப்பது உள்ளிட்ட கட்டுப்பாடுகளைத் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்டார்கள். உங்கள் தொடரில் உள்ள ஊர்களுக்கு அத்தனை பெரிய அவை தேவையில்லை. ஊருக்கு இருவர், அவர்களில் ஒருவர் பெண், ஆடி மாதத்தில் ஒரு கூட்டம், மழை முடிந்ததும் ஒரு கூட்டம் என்று தொடங்கினாலே போதும்.

தைலமரத் தோட்டத்து வரப்புகளைப் பற்றிய வேதனை உங்கள் மாவட்டம் முழுவதும் இருக்கிறது. நிலம் யாருடையதாக இருந்தாலும், வாரி அரசுப் புறம்போக்கு என்றால் அதை மறிக்க யாருக்கும் உரிமை இல்லை. இதை ஒரே ஊராகக் கேட்பதைவிட, தொடரில் உள்ள எல்லா ஊர்களும் கிராம சபையில் தனித்தனியே தீர்மானம் நிறைவேற்றிச் சேர்ந்து கேட்பதே வலுவானது.

செம்மண்_பூமி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. எங்கள் கண்மாய் ஒன்றியத்தின் பொறுப்பில்தான் இருக்கிறது என்பதை இன்று ஊராட்சி அலுவலகத்தில் உறுதிப்படுத்திக்கொண்டேன். மேலூரில் எங்களுக்குப் பெண் கொடுத்து எடுத்த உறவுகள் நிறைய உண்டு. அவர்கள் மூலமாகவே பேச்சைத் தொடங்கலாம் என்று மகளிர் குழுவினர் சொல்கிறார்கள். ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. வாரியைத் திறந்துவிட்டால், மேட்டு நிலத்தின் மண்ணும் ஊர்க் குப்பையும் சேர்ந்து வந்து கண்மாயை மறுபடியும் தூர்த்துவிடாதா?

நொய்யல்_கரை எழுதியது:

நிச்சயமாகத் தூர்க்கும், அதற்கான ஏற்பாட்டை முன்பே செய்துவிட வேண்டும். மேட்டு நிலத்தில் ஓடை அரித்துப் பள்ளமாகும் இடங்களில் உதிரிக் கற்களை அடுக்கிச் சிறு தடுப்புகள் அமைத்தால், நீர் கசிந்து வெளியேறும், மண் பின்னால் தங்கிவிடும். நடுப்பகுதியை இரு ஓரங்களைவிடத் தாழ்வாக அடுக்குங்கள். இல்லையென்றால் வெள்ளம் ஓரத்தை அரித்துக்கொண்டு சுற்றிப் போய்விடும். கண்மாய்க்குள் வாரி நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு வண்டல் குழியும், அதன் வாயில் குப்பையைத் தடுக்கும் இரும்புக் கம்பித் தட்டியும் வையுங்கள்.

கோவையில் பல ஆண்டுகள் வறண்டு கிடந்த வெள்ளலூர்க் குளத்துக்கு நீர் திரும்பியதும் நொய்யல் ஆற்றிலிருந்து வரும் வாய்க்காலைத் தன்னார்வலர்கள் தூர்வாரிய பிறகுதான். இன்று அங்கே கரையோரம் குறுங்காடு வளர்ந்து, பட்டாம்பூச்சிகள் நிறைந்திருக்கின்றன. இருந்தாலும் வாய்க்காலைச் சுத்தம் செய்யும் வேலை ஓயவில்லை, ஓயவும் கூடாது. உங்கள் பணத்தில் ஒரு பகுதியை இப்போதே தனியாக எடுத்துவைத்து, ஆண்டுதோறும் புரட்டாசி முடிவதற்குள் வண்டல் குழியைக் காலி செய்யவும், வாரியில் மறுபடி துளிர்க்கும் சீமைக்கருவேலங்கன்றுகளைப் பிடுங்கவும் ஒதுக்கிவிடுங்கள். கன்றாக இருக்கும்போது கையால் பிடுங்கலாம். ஓர் ஆண்டு விட்டுவிட்டால் மறுபடியும் பொக்லைன்தான் வர வேண்டியிருக்கும்.