வாட்டர்ஹோல்ல வாயை மூடிட்டு உக்காருறதா, வண்டியில தேடிப் போறதா?

கரிசல்காட்டான்:
ஆப்பிரிக்கா போனா ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுனா எல்லா மிருகத்தையும் பாக்கலாம்னு ஒருத்தர் இங்க கேட்டிருந்தார், வந்த பதில் எல்லாமே ரூட் மேப். எனக்கு அந்தக் கேள்வியே சரியாப் படல. நமீபியாவுல எட்டோஷா நேஷனல் பார்க் போறீங்கன்னா ஓட்டாதீங்க, உக்காருங்க. அங்க ஒகாக்குயோ கேம்ப்பை ஒட்டியே ஒரு வாட்டர்ஹோல், அதாவது மிருகங்க தண்ணி குடிக்க வர்ற குட்டை இருக்கு, தாழ்வா ஒரு கல்சுவர், பின்னாடி பெஞ்சு, ராத்திரி பூரா விளக்கு எரியும். ஜூன்லேர்ந்து அக்டோபர் வரைக்கும் சுத்துவட்டாரத்துல தண்ணி வத்திரும், அதனால நீங்க தேட வேண்டாம், அதுங்களே வரும். பகல்ல வரிக்குதிரை, ஸ்ப்ரிங்பாக், யானைக் கூட்டம், இருட்டுனதுக்கப்புறம் கருப்பு காண்டாமிருகம். ஒட்டகச்சிவிங்கி முன்னங்கால அகட்டிக் குனியறதுக்கு முன்னாடி அவ்வளவு நேரம் நின்னு சுத்திமுத்தி பாக்கும், அந்த நேரத்துல ஒருத்தர் சத்தமா பேசிட்டா திரும்பிப் போயிரும், தண்ணி குடிக்காமலே போயிரும். வண்டியில சுத்துறவங்களுக்கு இந்த தயக்கமெல்லாம் கண்ணுல படாது, முதுகும் வாலும்தான் படும்.

மாராப்பித்து:
அண்ணே, மரியாதையோடவே மறுக்கிறேன். உங்க அனுபவம் எட்டோஷாவுக்கு சரி, அதை மொத்த ஆப்பிரிக்காவுக்கும் விரிக்காதீங்க. கென்யா மசாய் மாராவுல போய் ஒரு குட்டை பக்கத்துல உக்காந்தீங்கன்னா என்ன கிடைக்கும்? அங்க ஆறு இருக்கு, ஓடை இருக்கு, மழையும் பரவாயில்ல, எதுவும் ஒரே எடத்துக்கு வந்தாகணும்னு கட்டாயம் இல்ல. சீட்டாவை எடுத்துக்கோங்க, அதுக்கு வேண்டிய தண்ணி பெரும்பாலும் இரையோட ஒடம்புலேர்ந்தே கிடைச்சிரும், நாள்கணக்குல குடிக்காமலே இருக்கும். அது எந்த கரையான் புத்து மேல ஏறி நின்னு பாக்குதோ அங்க நீங்க இருக்கணும், அதுக்கு வண்டியும் அந்த மண்ணை தெரிஞ்ச, அந்த ஊர் மசாய் இனத்து கைடும் வேணும். இன்னொன்னு, வெளிநாட்டுக்காரங்களுக்கு ஜூலைலேர்ந்து டிசம்பர் வரைக்கும் ஒரு நாள் கட்டணம் 200 டாலர், அதுவும் காலைல ஆறு மணிலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும்தான். வருஷக்கணக்கா சேத்து வச்ச காசுல குடும்பத்தோட வர்றவன்கிட்ட போய் சும்மா உக்காருன்னு சொல்றது எனக்கு நியாயமா தெரியல.

அப்புறம் மிருகங்க வண்டியை மனுஷனா பாக்குறதில்ல, பழகின எடத்துல அது ஒரு பெரிய அசையுற பொருள், அவ்வளவுதான். எழுந்து நிக்காம, கையை வெளிய நீட்டாம இருந்தா சிங்கம் உங்க டயர் நிழல்லயே வந்து படுக்கும்.

கரிசல்காட்டான்:
தம்பி, வண்டி உருவத்துக்கு பழகிடுச்சுன்னு நீங்க சொல்றதை ஒத்துக்கிறேன். ஆனா வண்டிக்குள்ள இருக்குறவங்க குரலுக்கு? 2023ல லியானா ஸனெட்டோட ஆராய்ச்சிக் குழு தென்னாப்பிரிக்கா க்ரூகர் காட்டு வட்டாரத்துல 21 வாட்டர்ஹோல்ல கேமராவும் ஸ்பீக்கரும் கட்டி வச்சு சோதிச்சாங்க. சிங்கம் உறுமுற சத்தம், வேட்டை நாய் குரைக்கிறது, துப்பாக்கி வெடி, அப்புறம் மனுஷங்க சாதாரணமா பேசிக்கிற குரல். கத்தல, மிரட்டல, டீக்கடைல பேசுற மாதிரி பேச்சுதான். மத்த சத்தத்தை விட மனுஷக் குரலுக்குத்தான் ரெண்டு மடங்கு அதிகமா ஓடுச்சுங்க, தண்ணியை விட்டுப் போன வேகமும் 40 சதவீதம் கூட. சிங்கக் குரல் கேட்டு ஆத்திரப்பட்டு வந்து ஸ்பீக்கர் பெட்டியையே ஒடச்ச யானை இருக்கு, அதே யானை ஜாதி மனுஷன் பேச்சைக் கேட்டா ஓடுது. கென்யா அம்போசெலி யானைங்க அதுக்கும் மேல, மசாய் ஆம்பளைங்க குரலையும் கம்பாங்கிற வேற இனத்து ஆம்பளைங்க குரலையும் பிரிச்சு அடையாளம் கண்டுக்குதுன்னு 2014லயே கேரன் மெக்கோம்ப் குழு காட்டிட்டாங்க, ஈட்டியோட வர்றவங்க யாருன்னு அதுங்களுக்குத் தெரியும். இவ்வளவு கூர்மையா காது கொடுத்துக் கேக்குற பிராணி முன்னாடி ஆறு பேர் வண்டியில உக்காந்து "அங்க பாரு அங்க பாரு"ன்னா அது என்னத்த பழகியிருக்கும்?

ஜோபர்க்_செல்வி:
நான் ஜோஹன்னஸ்பர்க்ல வேலை பாக்குறேன், லீவு கிடைச்சா க்ரூகர்தான். ரெண்டு பேரும் ஒரு விஷயத்தை தொடவே இல்ல. கரிசல் அண்ணா, அந்த ஆராய்ச்சியை நீங்க சொல்றது சரி, ஆனா அது உங்க கட்சிக்கே எதிரா திரும்புது பாருங்க. மனுஷக் குரல்தான் பெரிய பயம்னா, வறண்ட மாசத்துல அதுங்களுக்கு உயிரே தண்ணிதான்னு இருக்குற ஒரே எடத்துல போய் ஐம்பது பேர் உக்காருறது சரியா? ரோட்டுல வண்டியைப் பாத்து ஒரு இம்பாலா விலகிப் போனா அதுக்கு நஷ்டம் கம்மி, இருபது அடி தள்ளி மேயும். தண்ணிக்கு வந்து குடிக்காம திரும்பினா அதோட விலை வேற. ஒகாக்குயோ பெஞ்சுல எல்லாரும் உங்கள மாதிரி உக்காருறாங்களா? சிப்ஸ் பாக்கெட் பிரிக்கிற சத்தம், போன்ல வீடியோ கால், குழந்தை அழுகை எல்லாம் இருக்கு.

இன்னொன்னு, வாட்டர்ஹோல்னாலே இயற்கைன்னு நெனச்சுக்காதீங்க. க்ரூகர்ல 1930கள்லேர்ந்து போர்வெல் போட்டுப் போட்டு எங்க பாத்தாலும் தண்ணி வச்சாங்க, நல்லதுன்னு நெனச்சுத்தான். வடக்குப் பக்கம் வறண்ட புல்வெளியில தண்ணி வந்ததும் வரிக்குதிரை குடியேறிடுச்சு, அதுக்குப் பின்னாடியே சிங்கமும் வந்துருச்சு, அங்க உயரமான புல்லுக்குள்ள இருந்த ரோன் மான் 1986ல சுமார் 450 இருந்தது 1993க்குள்ள 45 பக்கம் வந்து நின்னுச்சு. அதுக்கப்புறம்தான் நிறைய போர்வெல்லை மூடுனாங்க. அதனால எந்த லாட்ஜ் முன்னாடியாவது தொட்டி கட்டி தண்ணி விட்டு, ஒளிஞ்சு உக்காந்து பாக்க ஹைட் போட்டா, அங்க அமைதியா உக்காந்தாலும் நம்ம அந்த காட்டை மாத்துற வேலைல பங்கு போடுறோம். எனக்கு இது ரொம்ப உறுத்துது.

செம்மண்_லென்ஸ்:
செல்வி சொன்னதுல ரோன் மான் விஷயம் ரொம்ப முக்கியம், நன்றி. ஆனா மாரா பத்தி பேசுறப்ப மாராப்பித்து ஒன்னை விட்டுட்டார், வேற யாரும் சொல்லலைன்னா நான் சொல்றேன். சீட்டாவைத் தேடி வண்டியில போறதுக்கு கணக்கு இருக்கு. ஃபெம்கே ப்ரூக்ஹவுஸ் 2018ல எழுதுன ஆய்வுல, சுற்றுலா நெரிசல் அதிகமான பகுதியில ஒரு தாய் சீட்டா ஒரு ஈத்துக்கு சராசரியா 0.2 குட்டிதான் வளத்து ஆளாக்குது, நெரிசல் கம்மியான பகுதியில 2.3. சீட்டா பகல் வேட்டைக்காரி, வண்டி சுத்தி நின்னா வேட்டை தப்பும், மான் உஷார் ஆயிரும், இரை பிடிச்சாலும் வண்டிக் கூட்டம் பாத்து கழுதைப்புலிக்கு எடம் தெரிஞ்சிரும். வண்டிக்கு பழகிடுச்சுன்னு சொல்றது இங்க பதிலே இல்ல, பழகின தாயோட குட்டிதான் சாகுது. அஞ்சு வண்டிக்கு மேல ஒரு மிருகத்துகிட்ட நிக்கக்கூடாது, 25 மீட்டர் தள்ளி நிக்கணும்னு அங்க விதி இருக்கு, ஆத்தைக் கடக்குற வில்டபீஸ்ட் கூட்டம் வர்ற சீசன்ல அந்த விதிக்கு என்ன நடக்குதுன்னு நேர்ல பாத்தவங்களுக்குத் தெரியும்.

மாராப்பித்து:
அக்கா அந்த ஆய்வை நானும் படிச்சேன், அந்த 0.2 என்னைத் தூங்க விடல, மறைக்கணும்னு விடல. ஆனா அதே ஆய்வுலயே வித்தியாசம் எங்கேன்னு பாருங்க, வண்டி இருக்குற எடம் இல்லாத எடம்னு இல்ல, அதிகம் கம்மின்னுதான். அந்த கம்மியான பகுதியும் சுற்றுலாவாலதான் நிக்குது. ஓலாரே மோட்டோரோகி, நபோய்ஷோ, மாரா நார்த் மாதிரி கன்சர்வன்சி எல்லாம் மசாய் குடும்பங்களோட சொந்த நிலம், மாசாமாசம் குத்தகைப் பணம் வருதுன்னுதான் கம்பி வேலி போடாம, கோதுமைக்கு குடுக்காம விட்டு வச்சிருக்காங்க. ஓலாரே மோட்டோரோகில 700 ஏக்கருக்கு ஒரு கூடாரம்தான் அனுமதி. அங்க எங்க கைடு வண்டியை அணைச்சுட்டு, இரை பிடிக்கிற வரைக்கும் ஒரு அடி நகர மாட்டார், யாராவது "இன்னும் கிட்ட போங்க"ன்னா முகம் பாத்து முடியாதுன்னு சொல்லிருவார். எல்லாரும் பெஞ்சுல உக்காந்துட்டா அந்த கைடுக்கு யார் சம்பளம் குடுப்பா, அந்த குடும்பம் ஏன் நிலத்தை சும்மா விடணும்? அமைதிங்கிறது வண்டிக்குள்ளயும் வரும்ணே. பெஞ்சுக்கு மட்டும் அது சொந்தமில்ல.

புதுப்பயணி:
எல்லாருக்கும் வணக்கம். செப்டம்பர்ல போகலாம்னு இருக்கோம், படிக்கப் படிக்க குழப்பம்தான் கூடுது. நடந்து போய் படம் எடுக்குறது எப்படி? ஜிம்பாப்வே மானா பூல்ஸ்ல கைடு இல்லாமலே நடக்கலாம்னு சொல்றாங்களே, யானை பின்னங்கால்ல நின்னு மரக்கிளையை இழுக்குற படமெல்லாம் அங்கதானே?

ஜோபர்க்_செல்வி:
ஆமா, போஸ்வெல்னு பேர் வச்ச யானை, அனா மரத்தோட இலைக்கும் காய்க்கும் அப்படி நிக்கும், அந்த மரம் மழைக்காலத்துல உதிர்ந்து வறட்சியில துளிர்க்கிறதால அந்த சமயம் யானைக்கு பெரிய துணை. அனுமதி வாங்கி நடக்கலாம்ங்கிறதும் உண்மை. ஆனா முதல் தடவை போறவங்க தயவுசெஞ்சு கைடு இல்லாம நடக்காதீங்க. காது விரிச்சு நேரா நிக்கிற யானை வேற, காதை ஒட்ட வச்சு தும்பிக்கையை உள்ள சுருட்டிட்டு வர்ற யானை வேற, அதை படம் பாத்து கத்துக்க முடியாது. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்க கைடுங்க ஒரு சின்ன துணிப்பையில சாம்பல் வச்சிருப்பாங்க, தட்டினா தெரியும். யானைக்கும் காண்டாமிருகத்துக்கும் கண்ணு மந்தம், மூக்கும் காதும்தான் எல்லாம்.

செம்மண்_லென்ஸ்:
கேமரா பக்கம் நான் சொல்றேன். மிரர்லெஸ் இருந்தா எலெக்ட்ரானிக் ஷட்டர் போட்டு சத்தத்தை சுத்தமா நிறுத்துங்க, ஃபோகஸ் பீப்பையும் நிறுத்துங்க, ஓடுற மிருகத்துக்கு மட்டும் உருவம் சாயுதான்னு பாத்துக்கோங்க. ட்ரைபாட் வேண்டாம், கேமராவைத் தாங்க பீன்பேக் பை போதும், காலியா எடுத்துட்டுப் போய் அங்க அரிசி வாங்கி நிரப்பிக்கலாம். ராத்திரி ஒகாக்குயோவுல ஃப்ளாஷ் அடிக்கவே கூடாது, இருக்குற விளக்குக்கு ஐஎஸ்ஓ ஏத்துங்க, படம் புள்ளி அடிச்சா அடிக்கட்டும். காண்டாமிருகப் படத்துல லொகேஷன் அணைச்சுட்டுத்தான் போடணும், தென்னாப்பிரிக்காவுல மட்டும் 2014ல 1215 காண்டாமிருகத்தை கொம்புக்காக கொன்னாங்க.

கரிசல்காட்டான்:
செல்விம்மா போர்வெல் பத்தி சொன்னதுக்கு என் பதில்: எட்டோஷாவுல இயற்கை ஊத்தும் நிறைய இருக்கு, ஆனா லாட்ஜ் தொட்டிக்கு நான் வக்காலத்து வாங்கல, அதுல உங்க பக்கம்தான் நியாயம். பெஞ்சுல பேசுறவங்களை நான் எழுந்து போய் கேட்டிருக்கேன், திட்டும் வாங்கியிருக்கேன், கேக்கத்தான் போறேன். மாரா தம்பிகிட்ட மட்டும் ஒத்துப்போக முடியல. நல்ல கைடு இருக்குற வண்டி நல்லதுதான், ஆனா அப்படி நிக்கிற வண்டியும் கடைசில உக்காந்துதானே இருக்கு, தேடல. நான் சொல்றதும் அதைத்தான்.

மாராப்பித்து:
தேடி வந்து நின்னாத்தானேண்ணே உக்கார முடியும். இதுல நாம ஒத்துப்போக மாட்டோம், விடுங்க.

புதுப்பயணி சார், பட்ஜெட் எவ்வளவுன்னு சொல்லுங்க, கன்சர்வன்சியில ரெண்டு ராத்திரி வருமான்னு பாக்கலாம்.

கரிசல்காட்டான்:
எட்டோஷாதான்னு முடிவானா கேம்ப் உள்ளயே தங்குங்க, வெளிய தங்குனா சூரியன் மறையறதுக்குள்ள கேட்டைத் தாண்டணும், காண்டாமிருகம் வர்ற நேரமே போயிரும். செப்டம்பர்னா நெரிசல், வாட்டர்ஹோல் பக்க அறை சீக்கிரம் தீந்துரும், இந்த வாரமே பாத்துருங்க.